தாமஸ் ஸ்டீவன்ஸ் (மிதிவண்டிப் பயணி)

தாமஸ் ஸ்டீவன்ஸ் (டிசம்பர் 24, 1854 – ஜனவரி 24, 1935) மிதிவண்டியில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதராக அறியப்படுபவர் ஆவார். இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய இவர், 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து புறப்பட்டு, 1886ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ஜப்பானின் யோக்கோகாமா நகரில் தமது மிதிவண்டிப் பயணத்தை நிறைவு செய்தார். இடையே கடல்களைக் கப்பலிலும் சில நிலப்பகுதிகளைத் தொடர்வண்டியிலும் கடந்தார். மிதிவண்டியுடன் இவர் கடந்த தொலைவு சுமார் 13,500 மைல்கள் (ஏறத்தாழ 21,700 கி.மீ.) ஆகும்.

இப்பயணம் முழுவதையும் இவர் முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த உயர்சக்கர மிதிவண்டியிலேயே மேற்கொண்டார். அவ்வகை வண்டியில் சுமை ஏற்றுவதற்கு இடம் மிகக் குறைவு. எனவே எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி இவரது பயணத்தின் போக்கையே தீர்மானித்தது. மிதிவண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும் பயண முறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

ஸ்டீவன்ஸ் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுசயர் மாவட்டத்தில் உள்ள பெர்க்கம்ஸ்டெட் என்னும் சிற்றூரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற பல்லாயிரம் ஆங்கிலேயர்களைப் போலவே இவரும் 1871இல், தமது பதினாறாம் வயதில், அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் அவரது பெற்றோரும் உடன்பிறந்தோரும் அமெரிக்கா வந்து சேர்ந்தனர்.

மேற்கு மாநிலங்களில் பல இடங்களில் இவர் கூலி வேலைகள் செய்து வாழ்ந்தார். வயோமிங் பகுதியில் இரும்பு ஆலையிலும், கொலராடோவில் சுரங்கத்திலும் வேலை பார்த்தார். செல்வமோ, உயர்கல்வியோ, செல்வாக்குள்ளவர்களின் துணையோ இவருக்கு இல்லை. அக்காலத்தில் உலகப் பயணம் என்பது செல்வந்தர், அரசு அலுவலர், சமயப் பரப்புநர், படைவீரர் ஆகியோருக்கே பெரும்பாலும் வாய்த்தது. இப்பின்னணியில் ஸ்டீவன்சின் பயணம் தனித்து நிற்கிறது.

அமெரிக்கக் கண்டத்தை மிதிவண்டியில் கடக்கலாம் என்னும் எண்ணம் கொலராடோவில் இருந்தபோது இவருக்குத் தோன்றியது. அப்போது இவருக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ சென்று அங்கு உயர்சக்கர மிதிவண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டார். பயணம் தொடங்கியபோது இவருக்கு வயது 29.

மிதிவண்டியின் அமைப்பு

ஸ்டீவன்ஸ் பயன்படுத்தியது போப் நிறுவனத்தின் கொலம்பியா வகை மிதிவண்டி ஆகும். கறுப்பு வண்ணம் பூசப்பட்ட அதன் முன்சக்கரத்தின் விட்டம் 50 அங்குலம் (127 செ.மீ.). பெரிய சக்கரத்தையும் சிறிய சக்கரத்தையும் ஆங்கிலேயரின் பென்னி, ஃபார்த்திங் ஆகிய இரு காசுகளுக்கு ஒப்பிட்டு இவ்வகை வண்டிகள் பென்னி-ஃபார்த்திங் என்றும் அழைக்கப்பட்டன.

இவ்வண்டிகளில் செயின் கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். எனவே பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். ஒரு சுற்றில் அதிகத் தொலைவு செல்ல வேண்டுமானால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். 50 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 4 மீட்டர் செல்லும். ஓட்டுநரின் கால் நீளம் அனுமதிக்கும் அளவே சக்கரத்தின் அளவுக்கு எல்லையாக இருந்தது.

இவ்வமைப்பில் ஓட்டுநர் முன்சக்கரத்தின் அச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே, தரையிலிருந்து மிகுந்த உயரத்தில் அமர்ந்திருப்பார். சக்கரம் கல்லில் மோதினாலோ, மணலில் புதைந்தாலோ, பிரேக்கைச் சற்று வேகமாக அழுத்தினாலோ வண்டியின் பின்பகுதி மேலெழும்பி, ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழ நேரிடும். அக்கால மிதிவண்டி விபத்துகளில் இது மிகப் பரவலான ஒன்று. மேலும் பெடல்கள் சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்றதால், இறக்கத்தில் பெடல்களின் மேல் காலை அசையாமல் வைத்துக்கொண்டு உருண்டு செல்லவும் இயலாது. டயர்கள் கெட்டி ரப்பரால் ஆனவை. காற்றடைத்த டயரை ஜான் பாய்டு டன்லப் 1888இல்தான் உருவாக்கினார். அதாவது ஸ்டீவன்ஸ் தமது பயணத்தை முடித்த பின்னரே அது வந்தது.

இன்று நாம் காணும் மிதிவண்டியின் முன்மாதிரியான, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாய் அமைந்து செயின் மூலம் பின்சக்கரம் இயங்கும் ரோவர் வண்டி 1885இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஸ்டீவன்ஸ் தமது பழைய வகை வண்டியில் ஐரோப்பாவைக் கடந்துகொண்டிருந்தார்.

பயண மூட்டை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டபோது ஸ்டீவன்ஸ் எடுத்துச் சென்ற பொருட்கள் மிகச் சில. அவை கைப்பிடியில் கட்டிய சிறு பையில் அடங்கிவிட்டன:

* காலுறைகள்
* மாற்றுச் சட்டை ஒன்று
* மழைக்கோட்டு ஒன்று
* கைத்துப்பாக்கி ஒன்று

இவற்றுள் மழைக்கோட்டு மூன்று வேலைகளைச் செய்தது. மழையில் அது உடையாகவும், வெட்டவெளியில் தங்கும்போது கூடாரமாகவும், இரவில் படுக்கையாகவும் பயன்பட்டது. ஒரே பொருளைப் பல தேவைகளுக்குப் பயன்படுத்துதல் என்பது நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணிகள் இன்றளவும் பின்பற்றும் முறையாகும்.

மூட்டை இவ்வளவு சிறிதாக இருந்ததற்கு வண்டியின் அமைப்பும் ஒரு காரணமாகும். உயர்சக்கர மிதிவண்டியில் இன்றைய வண்டிகளில் உள்ளதுபோன்ற கேரியரைப் பொருத்தப் போதிய இடமில்லை. பின்சக்கரம் மிகச் சிறியது. இருக்கைக்குப் பின்னால் வளைந்து கீழிறங்கும் ஒற்றைக் குழாய் மட்டுமே உள்ளது. வண்டியின் மீது ஏறுவதற்கும் அக்குழாயில் உள்ள சிறு படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அவ்வழியைப் பெரிய மூட்டையால் மறைக்க இயலாது. கைப்பிடியில் சுமை கட்டினாலோ, ஏற்கனவே முன்பக்கம் கவிழும் இயல்புள்ள வண்டியின் எடை மேலும் முன்னோக்கி நகரும். அத்துடன் சுமை மிக உயரத்தில் அமைவதால் வண்டியின் சமநிலையும் குறையும். ஏற்றங்களிலும் மணற்பாதைகளிலும் வண்டியைத் தள்ளியோ தூக்கியோ செல்ல வேண்டியிருந்ததால், கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பொருளும் சுமப்பவரின் தோளுக்கே பாரமாகும்.

பயணம் முன்னேறியபோது மூட்டையும் மாறியது. கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இவர் சில வாரங்கள் தங்கி, மாற்று ஆரக்கம்பிகள், டயர் முதலிய உதிரிப் பாகங்களையும், முன்பிருந்ததைவிட நல்ல கைத்துப்பாக்கி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு அப்பால் பல்லாயிரம் கி.மீ. தொலைவுக்கு மிதிவண்டியின் பாகம் எதுவும் கடையில் கிடைக்காது என்பதே இதற்குக் காரணம். உடைந்தால் வண்டி நின்றுவிடக்கூடிய பாகங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உணவையும் தங்குமிடத்தையும் வழியில் தேடிக்கொள்வதே இவரது முறையாக இருந்தது.

அமெரிக்காவைக் கடத்தல் (1884)

1884 ஏப்ரல் 22 காலை தொடங்கிய பயணம் சாக்ரமெண்டோ வழியாகச் சியேரா நெவாடா மலைத்தொடரை அடைந்தது. மலையில் அப்போது பனி உருகியிருக்கவில்லை. எனவே தொடர்வண்டிப் பாதையைப் பனியிலிருந்து காக்க அமைக்கப்பட்டிருந்த மரக்கூரைகளின் உள்ளே இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவை இருண்ட சுரங்கம் போன்றவை. தொடர்வண்டி வரும் ஒலி கேட்டால் சுவரோடு ஒட்டி நின்று அது கடந்து செல்லும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் நெவாடா, யூட்டா, வயோமிங், நெப்ராஸ்கா ஆகிய பகுதிகளைக் கடந்து சிகாகோவை அடைந்து, அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அப்போது சாலை என்று சொல்லத்தக்கது குறைவு. மாட்டுவண்டித் தடங்கள், தொடர்வண்டிப் பாதையின் ஓரங்கள், கால்வாய்க் கரைகளில் படகிழுக்கும் குதிரைகளுக்காக அமைந்த பாதைகள் ஆகியவற்றின் வழியாகவே பயணம் நடந்தது. மொத்தத் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இவர் நடந்தே கடந்தார்.

1884 ஆகஸ்ட் 4 அன்று ஸ்டீவன்ஸ் பாஸ்டன் நகரை அடைந்தார். சுமார் 3,700 மைல் (ஏறத்தாழ 5,950 கி.மீ.) தொலைவைக் கடக்க 104 நாட்கள் ஆயின. இவற்றுள் ஏறத்தாழ 20 நாட்கள் மழை முதலிய காரணங்களால் நின்றிருந்தவை. அமெரிக்கக் கண்டத்தை மிதிவண்டியில் முழுமையாகக் கடந்த முதல் மனிதர் இவரே.

அவுட்டிங் இதழின் ஆதரவு

அமெரிக்கப் பயணத்துக்குப் பின் ஸ்டீவன்ஸ் குளிர்காலத்தை நியூயார்க்கில் கழித்தார். தமது பயண அனுபவங்களை அவுட்டிங் என்னும் இதழுக்கு எழுதினார். அவ்விதழின் வெளியீட்டாளரான ஆல்பர்ட் போப்பே கொலம்பியா மிதிவண்டிகளின் உற்பத்தியாளரும் ஆவார். ஸ்டீவன்சின் பயணம் இதழுக்கு வாசகர்களையும் மிதிவண்டிக்கு விளம்பரத்தையும் ஒருங்கே தந்தது. அவுட்டிங் இதழ் இவரைத் தனது சிறப்புச் செய்தியாளராக அமர்த்தி, உலகைச் சுற்றிவர அனுப்பியது. கூலித் தொழிலாளியாக இருந்த ஒருவர் இவ்வாறு எழுத்தாளராக மாறினார்.

உலகப் பயணம் (1885–1886)

ஐரோப்பா

ஸ்டீவன்ஸ் கப்பலில் லிவர்பூல் வந்து, 1885 மே 4 அன்று அந்நகரின் எட்ஜ் ஹில் தேவாலயத்தின் முன்னிருந்து புறப்பட்டார். பல நூறு பேர் திரண்டு வழியனுப்பினர். உள்ளூர் மிதிவண்டிச் சங்கத்தினர் சிறிது தொலைவு உடன் சென்றனர். அமெரிக்கச் சாலைகளோடு ஒப்பிட இங்கிலாந்தின் சாலைகள் இவருக்கு மிக நல்லவையாகத் தோன்றின. வழியில் தாம் பிறந்த பெர்க்கம்ஸ்டெட் ஊரையும் கடந்து சென்றார்.

ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து, பிரான்சு, ஜெர்மனி, ஆஸ்திரியா, அங்கேரி, செர்பியா, பல்கேரியா, கிழக்கு ருமேலியா வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தார். அங்கேரியில் மிதிவண்டி ஓட்டுநர் ஒருவர் இவருடன் இணைந்து செர்பியா வரை பயணம் செய்தார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்டீவன்ஸ் கடந்து சென்ற சில மாதங்களுக்குள், 1885 செப்டம்பரில், கிழக்கு ருமேலியாவில் கிளர்ச்சி ஏற்பட்டு அப்பகுதி பல்கேரியாவுடன் இணைந்தது.

துருக்கியும் பாரசீகமும்

கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அப்பால் வழிப்பறிக் கொள்ளையர் பற்றிய செய்திகள் அடங்கும் வரை காத்திருந்து, பின் ஆசியா மைனருக்குள் நுழைந்தார். அங்காரா, யோஸ்காட், சிவாஸ், எர்சுரும் ஆகிய ஊர்கள் வழியாகச் சென்று, பாரசீகத்தில் (இன்றைய ஈரான்) தப்ரீசைக் கடந்து, 1885 செப்டம்பர் 30 அன்று தெகுரானை அடைந்தார்.

இப்பகுதியில் மிதிவண்டியை அதுவரை பெரும்பாலானோர் கண்டதில்லை. ஊர் தோறும் பெருங்கூட்டம் கூடியது. வண்டியை ஓட்டிக் காட்டுமாறு மக்கள் வற்புறுத்தினர். களைத்து வந்த நிலையிலும் இவர் மீண்டும் மீண்டும் ஏறி ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷாவும் இவரது வண்டியைக் காண விரும்பி அழைத்தார்.

தெகுரானில் குளிர்காலத்தைக் கழித்து, 1886 மார்ச் 10 அன்று கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்.

ஆப்கானித்தானில் தடை

பயணத்தின் மிகப் பெரிய பின்னடைவு இங்குதான் நேர்ந்தது. மத்திய ஆசியாவில் உருசியப் பேரரசும் பிரித்தானியப் பேரரசும் அப்போது கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. 1885 மார்ச்சில் பஞ்ச்தே என்னுமிடத்தில் உருசியப் படை ஆப்கானியப் படையைத் தாக்கியதால் இரு பேரரசுகளுக்கும் இடையே போர் மூளும் நிலை ஏற்பட்டிருந்தது. எல்லையை வரையறுக்கும் பணியும் நடந்துகொண்டிருந்தது. இச்சூழலில் உருசியா தனது ஆட்சிப் பகுதி வழியாகச் செல்ல ஸ்டீவன்சுக்கு அனுமதி மறுத்தது.

எனவே இவர் ஆப்கானித்தான் வழியாகவே இந்தியாவை அடைய முயன்றார். எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் ஆப்கானிய அதிகாரிகள் இவரைத் தடுத்துப் பிடித்தனர். பின்னர் ஹெராத் பகுதி வழியாகக் காவலுடன் மீண்டும் பாரசீக எல்லைக்கே திருப்பி அனுப்பினர்.

இதனால் வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்ப நேர்ந்தது. காஸ்பியன் கடலைக் கடந்து பாக்கூவை அடைந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் கருங்கடல் கரையிலுள்ள பத்தூமிக்கும், பின் கப்பலில் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் வந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் உதிரிப் பாகங்களோடு புறப்பட்ட அதே நகருக்கு மீண்டும் வந்து, அங்கிருந்து கப்பல் வழியாகக் கராச்சியை அடைந்தார்.

இந்தியா

கராச்சியிலிருந்து தொடர்வண்டியில் லாகூர் வந்து, அங்கிருந்து கல்கத்தா வரை பெருவழிச் சாலையில் (கிராண்ட் டிரங்க் சாலை) மிதிவண்டியில் பயணம் செய்தார். அம்ரித்சர், தில்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி ஆகிய நகரங்கள் இவ்வழியில் அமைந்தவை. 16ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரியால் சீரமைக்கப்பட்டு, பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் கங்கர் எனப்படும் சுண்ணாம்புக் கற்களால் கெட்டிப்படுத்தப்பட்ட இச்சாலை, ஸ்டீவன்சின் முழுப் பயணத்திலும் மிகச் சிறந்த சாலைகளுள் ஒன்றாக அமைந்தது. சாலையைவிட வெப்பமே இவருக்குப் பெரும் இடராக இருந்தது. இப்பயணத்தில் இவர் தென்னிந்தியாவுக்கு வரவில்லை.

சீனா

கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஹாங்காங் சென்ற இவர், காண்டன் (இன்றைய குவாங்சோ) நகரிலிருந்து வடக்கு நோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தார். தென் சீனாவின் வயல்வெளிகளுக்கிடையே ஆள் நடக்கும் அளவுக்கே அமைந்த கற்பாதைகளில் பெரும்பாலும் வண்டியைத் தள்ளியே செல்ல வேண்டியிருந்தது.

டோங்கின் பகுதி தொடர்பாக 1884–1885இல் சீனாவுக்கும் பிரான்சுக்கும் நடந்த போரின் காரணமாக அப்பகுதி மக்களிடையே அயல்நாட்டார் மீது சினம் மிகுந்திருந்தது. கீங்கான்-ஃபூ (இன்றைய ஜி-ஆன்) என்னும் ஊரில் கூட்டத்தினர் இவரைத் தாக்கினர். உள்ளூர் அதிகாரிகள் இவருக்கு அடைக்கலம் அளித்துக் காப்பாற்றிப் படகில் காவலுடன் அனுப்பி வைத்தனர். யாங்சி ஆற்றங்கரையிலுள்ள சியூசியாங்கை அடைந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஷாங்காய் சென்றார். பயணம் முழுவதிலும் இவரது உயிருக்கு மிக அருகில் ஆபத்து வந்தது சீனாவில்தான். அங்கு இவரைக் காத்தது கைத்துப்பாக்கி அன்று. உள்ளூர் அதிகாரிகளின் தலையீடே ஆகும்.

ஜப்பான்

ஷாங்காயிலிருந்து நாகசாகி சென்று, ஜப்பான் வழியாக மிதிவண்டியில் பயணம் செய்து 1886 டிசம்பர் 17 அன்று யோக்கோகாமாவை அடைந்தார். இத்துடன் மிதிவண்டிப் பயணம் நிறைவுற்றது. பின்னர் கப்பலில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து 1887 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார்.

சுமையும் விருந்தோம்பலும்

இவ்வளவு சிறிய மூட்டையுடன் இவ்வளவு நீண்ட பயணம் இயன்றதற்கு ஸ்டீவன்சின் உடல் உறுதி மட்டும் காரணமன்று. இவர் சென்ற வழிகளில் பயணிகளுக்கென நெடுங்காலமாக இருந்துவந்த தங்குமிடங்களும் காரணமாகும். துருக்கியில் கான் எனப்படும் சத்திரங்கள், பாரசீகத்தில் வணிகக் கூட்டங்கள் தங்கும் கேரவன்சராய்களும் அஞ்சல் குதிரைகள் மாற்றும் சாப்பார்-கானாக்களும், இந்தியாவில் டாக் பங்களாக்கள், ஜப்பானில் யாதோயா விடுதிகள் ஆகியவை ஏறத்தாழ ஒரு நாள் பயணத் தொலைவில் தொடர்ந்து அமைந்திருந்தன. ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் நடைப் பயணிக்கும் ஏற்ப அமைந்த அத்தொலைவு மிதிவண்டிக்கும் பொருந்தியது.

இவற்றைத் தவிர கிராமத்தார், அதிகாரிகள், தந்தி நிலையப் பணியாளர்கள், சமயப் பரப்புநர்கள் ஆகியோரும் இவருக்கு உணவும் இடமும் அளித்தனர். படுக்கையும் அடுப்பும் அரிசியும் சுமந்து செல்பவர் ஊருக்கு வெளியே தனித்துத் தங்க முடியும். ஸ்டீவன்சால் அது இயலாது. ஒவ்வொரு மாலையும் யாரேனும் ஒருவரின் வாசலில் போய் நிற்க வேண்டியவராகவே இவர் இருந்தார். மூட்டையின் எடையைக் குறைத்ததால் பிறரைச் சார்ந்திருக்கும் தேவை கூடியது. ஆப்கானித்தானிலும் சீனாவிலும் அச்சார்பு தடைபட்ட போதுதான் பயணமும் தடைபட்டது.

இதற்கு மாறாக, பின்னாளில் வந்த செயின் பொருத்திய வண்டிகளில் பின்சக்கரத்தின் மேல் கேரியரும், அதன் இருபுறமும் தொங்கும் பைகளும், முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாக அமைந்த பைகளும் பொருத்த முடிந்தது. சுமை தாழ்வாகவும் இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தும் அமைந்ததால் கூடாரம், சமையல் கருவிகள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்வது எளிதாயிற்று.

பிற்கால வாழ்க்கை

ஸ்டீவன்ஸ் தமது பயணத்தை இரு பாகங்கள் கொண்ட நூலாக எழுதினார். முதற் பாகம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தெகுரான் வரையிலும், இரண்டாம் பாகம் தெகுரானிலிருந்து யோக்கோகாமா வரையிலும் நடந்தவற்றை விவரிக்கிறது. முதற் பாகத்துக்கு அமெரிக்க எழுத்தாளரும் அடிமை ஒழிப்பு இயக்கத்தவருமான தாமஸ் வெண்ட்வொர்த் ஹிக்கின்சன் முன்னுரை எழுதினார்.

1889இல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழ் இவரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. எமின் பாஷாவை மீட்கச் சென்ற ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியைப் பற்றிய செய்தி அறிவதே நோக்கம். அவ்வாண்டின் இறுதியில் ஸ்டான்லி கடற்கரையை நோக்கித் திரும்பும் வழியில் இவர் அவரைச் சந்தித்தார். அடுத்து 1890இல் மாஸ்கோவிலிருந்து கருங்கடல் நோக்கிக் குதிரையில் பயணம் செய்தார். இவ்விரு பயணங்களையும் தனித்தனி நூல்களாக எழுதினார். பின்னர் இந்தியாவுக்கு மீண்டும் சென்று, துறவியர் நிகழ்த்துவதாகக் கூறப்பட்ட அற்புதங்களைப் பற்றி ஆராய்ந்து சொற்பொழிவுகள் ஆற்றினார்.

1890களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து திரும்பி, ஃபிரான்சஸ் பார்ன்ஸ் என்பவரை மணந்தார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த நாடக நடிகையர் வயலெட் வான்புரூ, ஐரீன் வான்புரூ ஆகியோரின் தாயார் இவர். திருமணத்துக்குப் பின் ஸ்டீவன்ஸ் லண்டன் காரிக் நாடக அரங்கின் வணிக மேலாளராகப் பணியாற்றினார். உலகைச் சுற்றியவர் தம் வாழ்வின் பிற்பகுதியை ஒரே நகரில் கழித்தார். 1935 ஜனவரி 24 அன்று லண்டனில் தமது 80ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

ஸ்டீவன்சின் பயணத்தை உலகைச் சுற்றிய மிதிவண்டிப் பயணம் என்று கூறுவது எந்த அளவுக்குப் பொருந்தும் என்னும் வினா எழுவதுண்டு. கடல்வழிகளைத் தவிர, கராச்சி–லாகூர் போன்ற சில நிலப்பகுதிகளையும் இவர் தொடர்வண்டியில் கடந்தார். மத்திய ஆசியாவின் ஒரு பகுதி முழுவதுமாக விடுபட்டது. எனினும் மூன்று கண்டங்களில் 13,500 மைல் தொலைவை மிதிவண்டியுடன் கடந்தவர் அவருக்கு முன் எவருமில்லை.

இவரது எழுத்தில் குறைகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரிடம் பரவலாகக் காணப்பட்ட மேட்டிமை மனப்பான்மை அவற்றில் வெளிப்படுகிறது. தமக்கு உணவளித்த மக்களைப் பற்றியே சில இடங்களில் ஏளனமாகவும் பொதுமைப்படுத்தியும் எழுதியுள்ளார். அதே வேளையில், தொடர்வண்டி எட்டாத ஆசிய ஊர்களின் சாலைகள், சத்திரங்கள், உணவு, சந்தைகள், மக்கள் கூட்டம் ஆகியவற்றைத் தெருவில் நின்று பார்த்தவரின் நுட்பத்தோடு பதிவு செய்துள்ளார். அரசு அலுவலர்களின் அறிக்கைகளில் காணக்கிடைக்காத செய்திகள் பல அவற்றில் உள்ளன.

அடுத்து வந்தவர்கள்

ஸ்டீவன்சுக்குப் பின் பலர் இம்முயற்சியில் இறங்கினர். அமெரிக்க மாணவர்களான தாமஸ் ஆலன், வில்லியம் சாக்ட்லெபன் ஆகியோர் 1890–1893 ஆண்டுகளில் புதிய வகை மிதிவண்டிகளில் உலகைச் சுற்றினர். 1892இல் அவுட்டிங் இதழின் செய்தியாளராகப் புறப்பட்ட ஃபிராங்க் லென்ஸ் 1894இல் கிழக்குத் துருக்கியில் காணாமற்போனார். ஸ்டீவன்ஸ் விருந்தினராகக் கடந்த அதே நிலப்பகுதியில் அவர் கொல்லப்பட்டதாக அறியப்படுகிறது. அதே 1894இல் ஆன்னி லண்டன்டெரி என்னும் பெண்மணி பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1895இல் தமது உலகப் பயணத்தை முடித்தார். இந்தியர்களில் ஆதி ஹக்கிம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகியோர் 1923இல் பம்பாயிலிருந்து புறப்பட்டு, 1928இல் உலகைச் சுற்றித் திரும்பினர்.

மிதிவண்டியின் முடிவு

ஸ்டீவன்ஸ் ஓட்டிய கொலம்பியா மிதிவண்டியைப் போப் நிறுவனம் நெடுங்காலம் பாதுகாத்து வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுத உற்பத்திக்காகப் பழைய உலோகங்கள் திரட்டப்பட்டன. அப்போது இவ்வண்டியும் பழைய இரும்பாகக் கொடுக்கப்பட்டு உருக்கப்பட்டது. இதனால் ஸ்டீவன்சின் பயணத்துக்கு அவரது நூலும் இதழ்க் கட்டுரைகளுமே முதன்மைச் சான்றுகளாக எஞ்சியுள்ளன.

எழுதிய நூல்கள்

* மிதிவண்டியில் உலகைச் சுற்றி – இரு பாகங்கள் (1887, 1888)
* கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்டான்லியைத் தேடி (1890)
* முஸ்டாங் குதிரையில் உருசியா வழியாக (1891)